இழுத்தால் நிற்கும்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
6 ஜூலை 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

நேற்று வீடியோ கால் பாதியில் அறுந்ததற்கு நெட்வொர்க் காரணம் இல்லை, நான்தான். அதற்குப் பிறகு "ஹலோ, ஹலோ" என்று நீங்கள் மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் போனில் பேசினால் கடைசியில் எப்படியாவது என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால் இனிமேல் கார் விஷயம் மட்டும் மெயிலில். சாப்பாடு, ஜலதோஷம், சபை நியூஸ், அம்மாவின் முட்டிவலி எல்லாம் வழக்கம்போல போனில்.

எனக்கு விசா வந்துவிட்டது. ஜனவரியில் உங்களிடம் வந்து சேர வேண்டும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: என் காரைக் கப்பலில் கொண்டுவரலாமா? அதற்கு நீங்கள், "வண்டி எதுக்குமா? நான்தான் இருக்கேன் இல்ல? எங்க போவணும்னாலும் நான் கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்த இடத்தில்தான் கட் செய்தேன்.

சென்னையில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் விசாரித்தேன். நியூசிலாந்திலும் நம் ஊர் மாதிரி சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், முயற்சி செய்யலாம் என்றார். கூலியைச் சொன்னதும் எனக்கே தலை சுற்றியது. நம் வண்டியை விற்றால்கூட அவ்வளவு வராது. புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். நீங்கள் "கட்டுப்படி ஆகாது" என்று சொல்லியிருந்தால் சரி என்று வாயை மூடியிருப்பேன். "நான் இருக்கேன் இல்ல" என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது.

உங்களுக்குப் பாடம் நடத்துவதாக நினைக்காதீர்கள். போலியோ வந்த என் கால்கள் இரண்டும் பெடலை மிதிக்காது. இந்த வண்டியில் கியர் தானாக மாறும். மீதிக்கு இடது கைப் பக்கம் ஒரு லீவர் இருக்கிறது. தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். அதைச் செய்து பொருத்திக் கொடுத்தவரே நீங்கள். வீட்டுக்கு வீடு தறி இருக்கிற இந்தத் தெருவில், தறி மிதிக்கக்கூட லாயக்கில்லாத பெண் என்று என்னைச் சொன்னவர்கள்தான், இன்று "அரக்குக் கலர் கார் வருது, வழி உடுங்க" என்கிறார்கள். கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்த இங்கிலீஷ் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

யோசித்து எழுதுங்கள். சிரிக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள்.

ஏஞ்சல்


கிரைஸ்ட்சர்ச், நியூசிலாந்து
9 ஜூலை 2025

என் ஏஞ்சலுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். (பாஸ்டருக்கு எழுதுவது போல ஆரம்பித்தால் உன் கோபம் குறையுமோ என்று ஒரு நப்பாசை.)

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்னும் பிடிபடவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்வது ஒரு குற்றமா? இங்கே எலும்பைக் குடையும் குளிர். வெல்டிங் முகமூடியைக் கழற்றினால் மூச்சு புகையாக வருகிறது. காலையில் கண்ணாடியெல்லாம் பனி உறைந்து கிடக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். இந்த ஊரில் நீ அந்தக் கஷ்டம் பட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பெரிய வண்டியாக ஒன்று வாங்குவேன். ஹீட்டர் போட்டு வைத்து, உன்னை ராணி மாதிரி உட்கார வைத்து, மலை, ஏரி, கடல் என்று காட்டுவேன். ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த காலத்திலிருந்து எனக்கு இருக்கிற ஆசை அது.

நம் வண்டிக்கு வயசாகிவிட்டது. இங்கே கொண்டுவந்தால் பாகம் கிடைக்காது. ஒரு கண்ணாடி உடைந்தால் வாலாஜாபாத்துக்கு எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேறு யார் ஓட்டினாலும் நீ நிம்மதியாகவே இருக்க மாட்டேன் என்கிறாய். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனோமே, பஸ் முழுக்கக் குறட்டை விட்டது, நீ மட்டும் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தாய். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் ஓட்டிய எந்த வண்டியிலும் நீ ஒரு குட்டித் தூக்கம் போட்டதில்லை. என் மேல் நம்பிக்கை இல்லையா? இதை ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்தேன்.

உன்
சத்யராஜ்


பிள்ளையார்பாளையம்
10 ஜூலை 2025

சத்யா,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஆறு வயசிருக்கும். சபைக்காரர்கள் எல்லாரும் டிராக்டர் டிரெய்லரில் ஒரு கன்வென்ஷனுக்குப் போய்த் திரும்பினோம். வழியில் கோணிப்பைகளுக்கு நடுவே நான் தூங்கிவிட்டேன். வாலாஜாபாத்தில் எல்லாரும் இறங்கினார்கள். சித்தி தூக்கியிருப்பாள் என்று அம்மா நினைத்தார்கள், அம்மா தூக்கியிருப்பாள் என்று சித்தி நினைத்தாள். டிரைவர் டிரெய்லரை ஒரு ரைஸ் மில் கொல்லையில் விட்டுவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். விழித்துப் பார்த்தால் ஆளில்லை. டிரெய்லரின் பக்கப் பலகை என் உயரத்துக்கு மேல். மற்ற பிள்ளையாக இருந்தால் ஏறிக் குதித்து ஓடியிருக்கும். நான் கத்தினேன். மில் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து, அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கண்ணை மூடினால் இறக்கிவிட மறந்துவிடுவார்கள் என்று உடம்பு நினைக்கிறது, நான் என்ன செய்ய?

இப்போது உங்கள் வார்த்தைக்கு வருகிறேன். என்னைத் தூக்கிப் போனார்கள். கூட்டிப் போனார்கள். ஏற்றிவிட்டார்கள். இறக்கிவிட்டார்கள். உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கையில் முப்பது வருஷத்துக்கு இவைதான் வினைச்சொல். "நான் போனேன்" என்று நான் முதலில் சொன்னது இந்தக் கார் வந்த பிறகு. ஏனாத்தூருக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் ஒரு காரணமும் இல்லாமல் பாலாறு பாலம் வரைக்கும் போனேன், மணலைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ராணி மாதிரி உட்கார வைப்பேன் என்கிறீர்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது சத்யா. அங்கே நான் ஓட்ட வண்டி இல்லையென்றால் நான் வரவில்லை.

ஏஞ்சல்


கிரைஸ்ட்சர்ச்
3 ஆகஸ்ட் 2025

ஏஞ்சல்,

பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது. போனில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊறுகாய் பார்சல் வந்ததா, வந்தது, உப்பு சரியாக இருந்ததா, இருந்தது, இப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.

என்னை வேலைக்குத் தினமும் ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் என்று சொல்லியிருக்கிறேன். தங்கமான மனுஷன். அதுதான் சங்கடமே. அவர் வருவதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றுவிடுகிறேன், அவரைக் காக்க வைக்கக் கூடாதே. அவர் ஜோக் சொன்னால் புரியாவிட்டாலும் சிரிக்கிறேன். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று சொல்ல வாய் வருவதில்லை. புதன்கிழமை வீட்டில் பால் இல்லை. வழியில் கடை இருக்கிறது, அரை நிமிஷம் நிறுத்தினால் போதும். கேட்கவா வேண்டாமா, கேட்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கடையைத் தாண்டி வந்துவிட்டேன். வெறும் டீ குடித்தேன். குடிக்கும்போது உன் மெயில் ஞாபகம் வந்தது. ஏழு மாசத்தில் எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த ரைஸ் மில் விஷயத்தைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு அது தெரியாமல் போனதே என்று வருத்தம். இத்தனை நாள் உன்னைத் தூங்கச் சொல்லி நச்சரித்தேனே, அதுவும் வருத்தம்.

வண்டியைக் கொண்டு வா. கூலியைப் பார்க்கலாம், ஓவர்டைம் எதற்கு இருக்கிறது? ஏஜெண்ட் என்னென்ன கேட்கிறார் என்று எழுது.

சத்யா


பிள்ளையார்பாளையம்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உங்கள் மெயிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பால் வாங்காத இடத்தை மட்டும். "ஐயோ, புள்ள வெறும் டீயா குடிச்சுது?" என்று அன்று முழுக்கப் புலம்பினார்கள்.

ஏஜெண்ட் கேட்பதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வண்டியில் நம் ஊர் மண் ஒரு துளிகூட இருக்கக் கூடாதாம். விதை, இலை, புல், பூச்சி எதுவும் கூடாதாம். கப்பலில் இருந்து இறங்கியதும் டார்ச் அடித்துத் தேடுவார்களாம். அதனால் வண்டியைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்தேன். டிக்கியில் நெல் மூட்டை ஏற்றியதில் சிந்திய நெல் கைப்பிடி அளவுக்குக் கிடைத்தது. பின்சீட் மேட்டுக்கு அடியில் ஒரு நெல் முளைத்தே இருந்தது! மழையில் தண்ணீர் இறங்கியதே, அந்த ஈரம் அதற்குப் போதும்போல. முன் கண்ணாடியில் தொங்கிய குருத்தோலைச் சிலுவையையும் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஓலை அல்லவா? "சிலுவைக்குக்கூடவாடி விசா கேக்குறானுங்க?" என்கிறார்கள் அம்மா.

இன்னொரு கேள்வி கேட்டார். லீவரைச் செய்தது எந்தக் கம்பெனி, அதற்குச் சான்று இருக்கிறதா என்று. நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவு செய்த தாளைக் கொடுத்தேன். அது போதாது, அந்த ஊர் இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். "செஞ்சவர் யாரு மேடம்?" என்றார். "என் வீட்டுக்காரர்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது நீங்கள் என் வீட்டுக்காரர் இல்லை. விமல்ராஜ் அண்ணன் பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்டு வைத்துக்கொண்டிருந்த ஆள், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டீர்கள்: "தள்ளுனா நிக்கணுமா, இழுத்தா நிக்கணுமா?" நான் யோசிக்கவே இல்லை. "இழுத்தாதான் நிக்கணும். மாட்ட எப்படி நிறுத்துவாங்க?" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, என்னைப் பெற்ற நைனா, பண்ணையார் வீட்டு மாட்டுவண்டியில் நெல் ஏற்றிப் போகும்போது என்னை முன்னால் உட்கார வைத்துக் கயிற்றைக் கையில் கொடுப்பார். "கவுத்த இழுத்தா நிக்கும், உட்டா போவும்" என்பார். வண்டியும் மாடும் அடுத்தவருடையது. ஆனால் நான் இழுத்தால் அது நின்றது. அந்தக் கணக்கைத்தான் நீங்கள் இரும்பில் செய்து கொடுத்தீர்கள்.

அங்கே இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசுங்கள்.

ஏஞ்சல்


கிரைஸ்ட்சர்ச்
28 செப்டம்பர் 2025

ஏஞ்சல்,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். போட்டோக்களைக் காட்டினேன். நல்ல மனுஷன்தான், வெல்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் எந்தப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்தது உன் ஏஜெண்ட் மட்டும் இல்லை. இங்கே எல்லா லீவரும் நேர் எதிர். தள்ளினால் நிற்கும், இழுத்தால் ஓடும். திடீரென்று ஆபத்து வந்தால் உடம்பு முன்னால் போகும், அந்த வேகத்தில் கையும் முன்னால் போகும், அப்போது வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்கிறார். நம் லீவரை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அறுத்தெடுத்துவிட்டு இந்த ஊர் லீவர் போட்டால்தான் பதிவு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட வண்டியில் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கால் சரியாக இருக்கிறதே, எதற்கு வந்தாய் என்றார்கள். என் மனைவிக்காக நான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கால் தன்னால் பெடலுக்குப் போகாமல் இருக்கச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அவர்கள் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

காலி மைதானம்தான். வரிசையாக பிளாஸ்டிக் கூம்பு வைத்திருந்தார்கள். நிறுத்து என்றார்கள். என் கை உன் லீவரைச் சோதித்துப் பார்த்த பழைய கை இல்லையா, இழுத்துவிட்டேன். வண்டி பாய்ந்து அத்தனை கூம்பையும் சாய்த்துவிட்டுப் போனது. நல்லவேளை, அந்த அம்மா பக்கத்துப் பிரேக்கை அழுத்தினார்கள்.

என் கை அந்த லீவரைப் பிடித்தது கொஞ்ச நாள்தான். உன் கை ஆறு வருஷமாகப் பிடிக்கிறது. கப்பலில் கொண்டுவந்தாலும் அது உன் வண்டியாக இருக்காது ஏஞ்சல். நாம் செய்ததை அறுத்துப் போட்டுவிட்டால் வந்து சேர்வது அரக்குக் கலர் பெயிண்ட் மட்டும்தான்.

கோபப்படு. ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

சத்யா


பிள்ளையார்பாளையம்
30 செப்டம்பர் 2025

சத்யா,

கோபம் இல்லை. பயமாக இருக்கிறது.

இழுத்தால் நிற்கும் என்பது எனக்கு யோசனை இல்லை, மூச்சு மாதிரி. அதை மாற்று என்றால் எப்படி மாற்றுவது? அங்கே வந்து, முகம் தெரியாத ரோட்டில், ஒருநாள் குழந்தை ஏதாவது குறுக்கே வந்து, நான் இழுத்துவிட்டால்? அப்படி ஒரு பாவத்தைச் சுமந்துகொண்டு என்னால் உயிரோடு இருக்க முடியாது. அதற்குப் பதில் இங்கேயே என் வண்டியோடு இருந்துவிடுகிறேன். நீங்கள் சம்பாதித்துவிட்டு வாருங்கள்.

நான் வரவில்லை.

ஏஞ்சல்


கிரைஸ்ட்சர்ச்
2 அக்டோபர் 2025

ஏஞ்சல்,

"அதான் நான் ஓட்டுறேன்னு சொன்னேன் இல்ல" என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை நான் விட்டுவிட்டேன்.

நீ வராவிட்டால் மார்ச்சில் நான் வந்துவிடுகிறேன். மிரட்டல் இல்லை. முதலாளியிடமும் ஜாடையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரகடத்தில் எவனாவது வேலை கொடுப்பான், இல்லாவிட்டால் விமல்ராஜ் அண்ணன் பட்டறை இருக்கவே இருக்கிறது. ஆனால் நீ பயந்துபோய் இங்கே வராமல் இருந்தாய் என்றால் அது எனக்கு உறுத்தும். பிடிக்காமல் வரவில்லை என்றால் உறுத்தாது. இரண்டில் எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பயிற்சி அம்மாவிடம் மறுபடி போனேன். இனி சனிக்கிழமை தோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு கூம்புதான் விழுந்தது.

சத்யா


பிள்ளையார்பாளையம்
23 நவம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

இத்தனை நாள் போனில் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவையும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன். தோற்றுப் போனால் உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். இப்போது சொல்லலாம்.

உங்கள் மெயிலில் "ஒரு கூம்புதான் விழுந்தது" என்ற வரியைப் படித்த பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு காலும் நன்றாக இருக்கிற மனுஷன் சம்மணம் போட்டுக்கொண்டு பழகுகிறார், எனக்கு என்ன கேடு என்று தோன்றியது. மறுநாளே விமல்ராஜ் அண்ணனிடம் போய் லீவரை மாற்றிப் போடச் சொன்னேன். "சத்யா வச்ச வெல்டும்மா, அத்த அறுக்க எனக்கு மனசு வரலியே" என்றார். அவர் மனசுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அறுக்க வைத்தேன். மாற்றியதையும் முறையாகக் காட்டிப் பதிந்துவிட்டேன். உங்கள் பழைய லீவரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக நிற்கிறது.

ஏனாத்தூரில் அறுப்பு முடிந்த ஒரு வயல் இருக்கிறது. யாரையாவது கூட வைத்துக்கொள்ள வேண்டுமே என்று அம்மாவைக் கூட்டிப் போனேன். (ஆமாம், நான் கூட்டிப் போனேன்.) முதல் நாள் நிறுத்த நினைத்து இழுத்தேன். வண்டி எகிறிப் போய் வைக்கோல் போரில் முட்டி நின்றது. வைப்பர் முழுக்க வைக்கோல். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "பத்து வயசு மட்டும் உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சேனே, அப்பகூட இப்படி நெஞ்சு அடிச்சுக்கலடி" என்றார்கள். இனி ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். மறுநாள் தலையணையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் அணைத்துக்கொள்ள.

தினமும் பழகினேன். மூளை சொன்னால் கை கேட்கும். ஆனால் மூளை சொல்வதற்குள் கை பழைய கணக்கில் போய்விடும். இரண்டு தடவை ஸ்டியரிங் மேலேயே தலையை வைத்து அழுதேன். நைனா சொல்லிக்கொடுத்ததை மறக்கப் பார்க்கிறோமே என்று ஒரு வேதனை வேறு. அதை அம்மாவிடம் சொன்னேன். "அந்த மாடும் அவுருது இல்ல, வண்டியும் அவுருது இல்ல. உன்னுதுன்னு ஒண்ணு வந்தா அவுரு வேணான்னா சொல்வாரு?" என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தார்கள்.

போன வியாழக்கிழமை முதல் தடவையாக மெயின் ரோட்டுக்கு வந்தேன். மெதுவாகத்தான் போனேன். வேலியில் இருந்து ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. எனக்கு நினைக்கவே நேரம் இல்லை. கை தள்ளியது. நான் சொல்லவில்லை சத்யா, அதுவே தள்ளியது. வண்டி நின்றது. ஆட்டுக்குட்டி என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனது. நான் ஓவென்று அழுதேன். "இன்னாடி அழுவுற, ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்கிறார்கள் அம்மா.

அதனால் இப்போது முடிவைச் சொல்கிறேன். காரைக் கொண்டுவரவில்லை. கூலி அதிகம் என்பதற்காக இல்லை, நீங்கள் சொன்னதற்காகவும் இல்லை. இந்த வண்டி இல்லாவிட்டால் நான் மறுபடியும் தூக்கிப் போகிற பொருளாகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். இல்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது கையில்தான் இருக்கிறது. கை என்னோடு பிளேனில் வரும், அதற்குத் தனிக் கூலி கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. நான் வருவதற்கு முன் லீவர் வைத்த வண்டி அங்கே இருக்க வேண்டும். முதலில் வந்து சேர், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

ஏஞ்சல்


கிரைஸ்ட்சர்ச்
14 டிசம்பர் 2025

என் ஏஞ்சலுக்கு,

ஆட்டுக்குட்டிக்கு ஸ்தோத்திரம்!

உன் மெயிலைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பிலிப்பைன்ஸ்காரர் பதறிப்போய்விட்டார். "என் மனைவி பிரேக் போட்டுவிட்டாள்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கை குலுக்கினார். திரும்பும்போது கடையில் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நிறுத்தினார். அவ்வளவுதான் விஷயம், இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

வண்டி வாங்கியாகிவிட்டது. பெரிய வண்டி இல்லை, நீ நீட்டினால் கை எட்டுகிற சின்ன வண்டி. அரக்குக் கலர் தேடினேன், கிடைக்கவில்லை. சாம்பல் நிறம். லீவரை இந்த ஊர்க்காரர் ஒருவர் பொருத்தினார், இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், ஒரு நட்டுகூட முடுக்கவில்லை. கை துறுதுறு என்றது. முதல் தடவையாக உன் வண்டியில் என் வேலை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

பெடலும் இருப்பதால் நானும் ஓட்டலாம். ஆனால் நீ வரும் வரைக்கும் ஊர் சுற்ற எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டும். பேப்பரில் உன் பெயர்தான் போட்டிருக்கிறேன். முன்சீட்டில் யாரையும் ஏற்றவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியைத்தான் எடுத்து வருவேன். நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? இடதா, வலதா? இப்போதே சொல்லிவிடு, அங்கே வந்து பெட்டியை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம்.

உன்
சத்யா


பிள்ளையார்பாளையம்
9 ஜனவரி 2026

அன்புள்ள சத்யாவுக்கு,

இதுதான் இங்கிருந்து எழுதும் கடைசி மெயில். பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மா வைத்த கருவாட்டை நான் எடுத்தேன், அவர்கள் வைத்தார்கள், மறுபடி எடுத்தேன். இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் ஊரில் டார்ச் அடித்துப் பார்த்தால் அது என் கருவாடு இல்லை என்று சொல்லிவிடுவேன்.

காரை நேற்று தேவிப்ரியாவிடம் கொடுத்தேன். எங்கள் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண். எனக்கு வந்த அதே காய்ச்சல்தான் அவளுக்கும், மூன்று சக்கர ஸ்கூட்டரில் மழையில் நனைந்துகொண்டு வருவாள். போன மாசம் ஓட்டிப் பழக வந்த முதல் நாள், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, எத்த இழுக்கணும், எத்த தள்ளணும்?" என்று கேட்டாள். "தள்ளுனா நிக்கும்மா. உலகம் பூரா அப்படித்தானாம்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. குருத்தோலைச் சிலுவையை மறுபடி கண்ணாடியில் மாட்டிவிட்டேன், அதற்கு இனி விசா வேண்டாம். நேற்று அவள் தனியாகவே வண்டியை மெதுவாக நகர்த்தி, எங்கள் தெரு முனையில் நின்று, திரும்பிப் போனாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் இருந்து, "அரக்குக் கலர் காரு போவுது, வழி உடுங்க" என்று யாரோ சொன்னார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். அழுவேன் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

மாசக்கணக்கில் இதற்காகச் சண்டை போட்டேன், அதனால் வலது பக்கக் கதவு எனக்குத்தான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத்தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் இரண்டு பிளேன் மாறி வருகிறேன், கண் சொக்கிப் போயிருக்கும்.

அன்றைக்கு நீங்கள் ஓட்டுங்கள். நான் தூங்கிக்கொண்டு வருகிறேன். வீடு வந்ததும் எழுப்பினால் போதும். சாவியை மறுநாள் காலையில் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
ஏஞ்சல்